கடைசி அரை மணி

ஸ்கேல் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். திரையில் ஒரு சுவரைக் காட்டினால் போதும், அளக்காமலே தடிமன் சொல்லிவிடுவார். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற நாங்கள் மாதம் ஒருமுறை பிரிண்ட் கடையின் பின்னறையில், மை வாடைக்கு நடுவே கூடுவோம். எதைப் பற்றிப் பேசலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வது அக்கா. வந்து தலையாட்டுவது நாங்கள்.

எந்தத் தலைப்பானாலும் கடைசி அரை மணி அவர் கொண்டுவந்த வழக்கத்துக்கு. ஒருவர் தான் செய்த தப்பைப் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். வெளியே மூச்சு விடக் கூடாது. நான் தொழில் கற்றதே அந்த அரை மணியில்தான்.

முதலில் காட்டியவரும் அக்காதான். தரைத்தளத்தை அப்படியே காப்பி செய்து முதல் மாடிக்குப் போட்டவர், வாசல் கதவை அழிக்க மறந்துவிட்டார். கதவைத் திறந்தால் அந்தரம். நல்லவேளை, மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார், கதவு ஜன்னலானது. முதலாளி காதுக்குப் போகவேயில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஜூம். சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவதால் அந்தப் பெயர். அக்காவின் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவன் பக்கம் தள்ளுவார் அக்கா. என்னைவிட மூத்தவன்தான், ஆனாலும் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

இந்த வருடம் அங்கே தலைமை வரைவாளர் இடம் காலியானது. அனுபவமும் திறமையும் அக்கா பக்கம். பதவி ஜூமுக்குப் போனது. "விடுங்க, அவனும் நம்ம தம்பிதானே" என்று எங்களைச் சமாதானப்படுத்தினார் அக்கா. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் வருடத் தலைப்புகளை முடிவு செய்ய உட்கார்ந்தோம். அக்கா சொல்லச் சொல்லக் கடைக்காரர் பலகையில் எழுதினார். லேயர் ஒழுங்கு, படிக்கட்டு வரைவது, பிரிண்ட் அளவுகள்.

"கடைசி அரை மணி வழக்கம்போல" என்றார் அக்கா.

"அது மட்டும் வேண்டாம்க்கா" என்றான் ஜூம். "ஆஃபீஸ் தப்பை வெளிய பேசினா பேர் கெட்டுடும். மாடியில வாசல் வெச்சவங்களை எப்படித் தலைமையில வைக்கறதுன்னு முதலாளியே கேட்டாரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அவருக்கு யாருப்பா சொன்னா?" என்றார் அக்கா.

"பேச்சுவாக்குல வந்துடுச்சுக்கா."

"இன்டர்வியூவுலயா பேச்சுவாக்கு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"பதவி போனா போகட்டும். உன்னைக் கூடப் பிறந்தவன் மாதிரி நம்பினேனே, அதுதாண்டா தாங்க முடியல."

அந்த அரை மணி பலகையில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் தப்பே செய்யாத மகான்களாக உட்கார்ந்திருந்தோம். அக்கா படிக்கட்டைப் பற்றிப் பேசினார், பையை எடுத்தார். வாசலில் ஜூம் லேப்டாப்போடு வழிமறித்தான்.

"அக்கா, நாளைக்கு சைட்டுக்குப் போற பிளான். எங்கயோ இடிக்குது, எனக்குப் பிடிபடல. ஒரு தடவை பாத்துடுங்க."

"பெரிய திரையில போடு. எல்லாருமா பாக்கலாம்."

அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவங்க எல்லாரும் இருக்காங்களேக்கா. யாராவது முதலாளிகிட்ட சொல்லிட்டா?"