நங்கூரம் போட்ட கப்பலுக்குப் பாய் விரித்தவர்கள்

சென்னையில் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் பழைய பாய்மரக் கப்பல்களின் புகைப்படங்களைத் தேடிக் கிளம்பிவிடுவேன். இந்தப் பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். வழக்கமாகச் சந்தோஷமாகத்தான் எழுதுவேன். இந்த முறை முடியவில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோபம் இன்னும் ஆறவில்லை.

கிளம்பிய காரணம் ஒரு வாட்ஸப் படம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் செல்வராணி அக்கா அனுப்பியது. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், என் பதிவுகளைப் படிப்பவர். "எங்க வீட்டுச் சுவத்துல ஒரு கப்பல் படம் இருக்கு. எந்தக் கப்பல்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படத்தை எப்போதோ போனில் எடுத்திருக்கிறார். மேலே மூன்று பாய்மரம் உள்ள பெரிய கப்பல். கீழே அதன் பக்கத்தில் ஒரு தோணி, தோணி நிறையப் பொதிகள், பொதிகள் மேல் ஆட்கள். ஆனால் ஆட்கள் மேல் சரியாக டியூப்லைட் வெளிச்சம் விழுந்து, ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

எனக்கு அந்த முகங்கள்தான் வேண்டியிருந்தது. ஆயிரத்து எண்ணூறுகளின் கடைசியில் தூத்துக்குடிக் கரையில் ஆழம் கிடையாது. வெளிநாட்டுக் கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கரிசல் பக்கத்துப் பருத்தி மாட்டு வண்டியில் கடற்கரைக்குப் போய், பொதியாகக் கட்டப்பட்டு, தோணியில் ஏறி, கப்பலுக்குப் போகும். கப்பலை மட்டும் எடுத்த படங்கள் ஏராளம். பொதி தூக்கியவர்களையும் சேர்த்து எடுத்தவை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அந்தத் தோணியில் நிற்பவர்களில் ஒருவர் செல்வராணி அக்காவுடைய அப்பாவின் தாத்தா. பெயர் யேசுவடியான். படம் தூத்துக்குடியில் ஏதோ ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் தொங்கியிருக்கிறது. அலுவலகத்தை மூடியபோது குப்பையோடு போட்டுவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த யேசுவடியானின் மகன், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்து வந்திருக்கிறார். அன்றிலிருந்து மூன்று தலைமுறையாகச் சுவரில் இருந்த படம்.

எழும்பூரிலிருந்து இரவு கிளம்பும் செங்கோட்டை ரயில் வசதி. ஸ்லீப்பரில் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடலாம். ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. ஆட்டோக்காரர் நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். "கோயிலுக்கா, பால்கோவாக்கா?" என்றார். ஒரு போட்டோ பார்க்க என்றேன். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அக்கா வீட்டில் இட்லியும் கருப்பட்டிக் காப்பியும் தயாராக இருந்தன. சுவரில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே சதுரமாகச் சுண்ணாம்பு வெளுத்துத் தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி," என்றார் அக்கா. "நீங்க வர்றதுக்குள்ள வந்துரும்னு இருந்தேன். ராஜபாளையத்துல புது ஓட்டல் தொறந்தாகல்ல, அவிய வாங்கிட்டுப் போனாக. நம்ம ஊரு பருத்தி வரலாறு, பெருசா வைக்கோம்னாக. ஒரு வாரம்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு தெரியுமா, ஒரு வருசம். கேட்டா, இந்தா தாரோம், நாளைக்குத் தாரோம்."

"நேத்துப் பேசினீங்களா?"

"பேசுனேன். போனை எடுக்கல."

இட்லியை முடித்ததும் இருவரும் கிளம்பிவிட்டோம். ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர்தான். நின்றால் அடுத்த நிமிடம் பஸ் வரும், அரை மணி நேரப் பயணம். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். அக்கா மலையைப் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டலில் என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இலவச விளம்பரமாகிவிடும். உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேஜைக்குப் பின்னால், சுவர் முழுக்க அந்தக் கப்பல் இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஆரஞ்சு வண்ணத்தில் மாலை வானம் போட்டிருந்தார்கள். அக்கா அனுப்பிய படத்தில் பாய்கள் எல்லாம் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் அப்படித்தான் இருக்கும். இங்கே வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பாய்கள், காற்றில் வயிறு ஊதிக்கொண்டு விரிந்திருந்தன. முன்னால் நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியே இருந்தது. நங்கூரம் போட்டபடியே பாய் விரித்துப் பறக்கும் கப்பல்! அதைச் செய்தவருக்கும் தெரியவில்லை, பணம் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் தங்க எழுத்தில், வெள்ளைப் பொன் கடல் தாண்டிய பொற்காலம் என்று வாசகம். யாருக்குப் பொற்காலம்?

தோணி இல்லை. பொதிகள் இல்லை. ஆட்கள் ஒருவர்கூட இல்லை. கப்பலுக்குக் கீழே வெறும் தண்ணீர். பருத்தி தானாகவே நீந்திப் போய்க் கப்பலில் ஏறிக்கொண்டது போல.

"எங்க தாத்தா எங்க?" என்றார் அக்கா. என்னிடம் இல்லை, சுவரிடம்.

மேனேஜர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரிஜினல் அப்பவே திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க மேடம்."

"யாரு கையில குடுத்தாக? எங்கையில குடுக்கலையே."

"டிசைன் டீம்தான் பாத்தாங்க. எனக்கு டீட்டெய்ல் தெரியாது. நீங்க உக்காருங்க, காபி சாப்பிடுங்க."

அக்கா உட்காரவில்லை. அவருக்குப் படபடப்பாக இருந்ததால், முகம் கழுவிவிட்டு வருவோம் என்று ரெஸ்டாரன்ட் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே, சாப்பிட்டவர்கள் கை கழுவும் பேசினுக்கு மேலே, பழைய காலச் சாமான்கள் போல மாட்டியிருந்த நாலைந்து சட்டங்களுக்கு நடுவில் அது இருந்தது. கண்ணாடி முழுக்க எச்சில் கை உதறிய நீர்த்துளிகள்.

"இதுதான்," என்றார் அக்கா. "இந்தா பாருங்க, இந்த மூலையில கறை. எங்கப்பா சின்னப் பிள்ளையில விளக்கெண்ணெயக் கொட்டுனது."

கப்பல் மட்டும் இருந்தது. பக்கத்துச் சட்டங்களின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று, கீழ்ப்பாதியை அட்டையோடு சேர்த்து பிளேடால் நேராக அறுத்திருந்தார்கள். நகல் இல்லை, ஒரிஜினல். இத்தனை ஆண்டு பூச்சிக்கும் மழைக்கும் தப்பித்த படம்.

நான் மேனேஜரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலி வேறு.

"ஆன்ட்டி, இறங்குங்க! எம்.டி. ஊர்ல இல்ல, அவர்கிட்ட கேக்காம எடுக்கக் கூடாது!"

"எம் படத்தை எடுக்க ஒங்க எம்.டி.ட்ட கேக்கணுமோ? நாற்காலியப் புடி தம்பி. நான் விழுந்தா நீதான் பதில் சொல்லணும்."

மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்? சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

வரவேற்பு மேஜையில் வைத்துப் பின்பக்கத்தைப் பிரித்தோம். அறுத்த பாதி உள்ளே மடக்கி வைக்கப்பட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை. இல்லை. இப்போது நான் கத்த ஆரம்பித்தேன். டிசைன் செய்தவருக்கு உடனே போன் போடச் சொன்னேன். போட்டார்கள், ஸ்பீக்கரில். சென்னைக்காரர், குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"அந்த லோயர் ஹாஃபா? அது கிளட்டரா இருந்துச்சு மேடம். ஃபுல்லா கூலி ஆளுங்க, மூட்டை... லாபிக்கு அந்த ஃபீல் செட் ஆகாது."

"அது கிளட்டர் இல்லைங்க. நீங்க வெட்டிப் போட்டது இங்க நிக்கிறவங்களோட தாத்தாவுக்கு அப்பாவை. அந்தத் துண்டு எங்க?"

"ஃபிரேம் பண்ணப்ப வேஸ்ட்ல போயிருக்கும். ஆனா கட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தோம். வேணும்னா ஃபைல் அனுப்பறேன்."

வேணும்னா! இப்போதே அனுப்புங்கள், அனுப்பும் வரை போனை வைக்கமாட்டோம், இந்த மேஜையை விட்டும் நகரமாட்டோம் என்றேன். அதற்குள் ரூம் எடுக்க வந்த ஒருவர் எங்களுக்குப் பின்னால் பெட்டியோடு காத்திருந்தார். மேனேஜர் வியர்க்க வியர்க்க, "சார், ப்ளீஸ், அனுப்பிடுங்க சார்," என்றார். பத்து நிமிடத்தில் வந்தது.

பெரிய ஃபைல். அக்காவின் போனில் திறந்து, தோணியைப் பெரிதாக்கினோம். அந்தக் காலத்துக் கேமராவில் அசைந்தால் முகம் கலைந்துவிடும். கடல் மேல் தோணி, ஆட்டம் இல்லாமல் இருக்குமா? பெரும்பாலான முகங்கள் புகையாகத்தான் இருந்தன. ஒருவர் மட்டும் தெளிவாக இருந்தார். தலையில் துண்டு, வெற்று மார்பு, பொதியின் மேல் ஊன்றிய கை. கேமராவை நேராகப் பார்க்கிறார். சிரிப்பு இல்லை.

"இவியதான்," என்றார் அக்கா. அழவில்லை. இன்னும் பெரிதாக்கினார். கீழே, காலுக்குப் போனார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தங்கச்சி, இந்தக் காலைப் பாருங்க. துணி சுத்தியிருக்கு. பாதம் வீங்கியிருக்கு. பாரத்தை எல்லாம் அடுத்த கால்ல வச்சு, கையைப் பொதியில ஊனி நிக்காக. புண்ணு காலோட வேலைக்கு வந்துருக்காக. நான் இத்தனை வருசம் சுவத்துல பாத்தும் இது தெரியலையே. அங்க பழுப்பா இருந்துச்சு."

மேனேஜர்கூட எட்டிப் பார்த்தார். அசையாமல் நின்றதால் யேசுவடியானின் முகம் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலை ஊன்ற முடியாததால் அசையாமல் நின்றிருக்கிறார்.

பின்சுவரில் இருப்பதை இறக்கிவிட்டு முழுப் படத்தை வையுங்கள் என்று கேட்டோம். எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றார் மேனேஜர். இதை எழுதும் வரை ஆரஞ்சு வானம் அப்படியேதான் இருக்கிறதாம். சட்டத்தையாவது விட்டுவிட்டுப் போங்கள் ஆன்ட்டி என்று மேனேஜர் கெஞ்சினார். அக்கா மிச்சமிருந்த பாதிப் படத்தை உருவிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, சட்டத்தை அவர் பக்கம் தள்ளினார். "ஒங்க சட்டம் ஒங்களுக்கே இருக்கட்டும்."

வெளியே வந்தபோது மணி இரண்டு. நல்ல பசி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஆளுக்கு ஒரு சாப்பாடு, நூறு ரூபாய், ரசம் பிரமாதம். அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

இந்தப் பக்கம் பழைய படம் தேடி வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். தங்க ஸ்ரீவில்லிபுத்தூரே போதும், கோயில் பக்கம் ஆயிரம் ரூபாய்க்குள் சுத்தமான அறை கிடைக்குமாம். வீடுகளில் படம் பார்க்கக் கேட்டால் தயங்காமல் காட்டுகிறார்கள். அந்த நல்ல மனதைத்தான் சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதனால் படம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: யார் கேட்டாலும், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், படத்தை வீட்டு வாசலைத் தாண்டவிடாதீர்கள். வேண்டுமென்றால் அவர்கள் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரட்டும். இன்றைக்கே சட்டத்திலிருந்து கழற்றி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கப்பல் எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை. கப்பலின் பெயர் பொறித்திருக்கும் பின்பகுதி படத்தில் விழவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "கப்பல் கெடக்கு, விடுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அக்கா அந்த ஃபைலை ஃபிளக்ஸ் கடையில் கொடுத்து, ஆறுக்கு நான்கு அடியில் அடித்திருக்கிறார். கப்பல் மேலே, தோணி கீழே, முழுசாக. அடியில் பெரிய எழுத்தில், "யேசுவடியான், பருத்தி ஏற்றியவர்" என்று மட்டும். வீட்டு வெளிச்சுவரில், தெருவைப் பார்க்கக் கட்டிவிட்டார். நேற்று போனில் சொன்னார். காலையில் பால் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, துக்க ஃபிளக்ஸ் என்று நினைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, யாரு இது? சொந்தமா? எப்ப இறந்தாக?"

"போன வருசம்," என்றாராம் அக்கா. "ராஜபாளையத்துல. பிளேடு வச்சு அறுத்துட்டாக."