வாளியில் இறங்கிய ஸ்பீக்கர்

றேடியோவில் வரும் கிற்றார் பெரிய மண்டபத்துக்குள் வாசித்ததுபோல நீண்டு முழங்கும். நான் வீட்டில் வாசித்தால் தகரத்தில் தட்டியதுபோல இருக்கும். அறுபதுகளின் கடைசி அது. பரந்தனுக்கு உள்ளே எங்கள் வாய்க்கால் கரையை மின்சாரம் எட்டியும் பார்க்கவில்லை. நானோ சாதாரணக் கிற்றாரில் கம்பியின் ஒலியைப் பிடிக்கும் கொழும்புப் பிக்கப் ஒன்றைப் பூட்டி, வயரை ஐயாவின் பற்றரி றேடியோவில் செருகிவிட்டு, மின்சாரக் கிற்றார்காரன் என்று திரிந்தேன். அந்த முழக்கம் வராதது எனக்குப் பெரிய மானப் பிரச்சினை.

கடைசியில் அது கிணற்றுக்குள் அகப்பட்டது. றேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, நீள வயர் போட்டு, தண்ணீர் அள்ளும் வாளியில் வைத்து இறக்கினேன். நான் வாசிக்கும் பாட்டைப் பதிய, நண்பன் இரவல் தந்த ரேப் றெக்கோடர் விறாந்தையில் ஓடும். மைக் மட்டும் கிணற்றுக் கட்டில். அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. தண்ணீர் இறங்க இறங்க முழக்கம் கூடியது.

"குடிக்கத் தண்ணி இல்லை, உனக்கு வாளியிலை பாட்டுக் கேக்குதோ?" என்று அம்மா குசினியிலிருந்து ஏசுவா.

ஐயா ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புழுதியில் விதைத்த நெல் ஒரு தூறலுக்கு முளைத்து, இப்போது வாடிக்கொண்டிருந்தது. திரும்ப விதைக்க விதைநெல் இல்லை. "இந்தக் கிழமையும் பெய்யாட்டி, காணியை விட்டிட்டு ஊருக்கே போவம்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஊர் என்றால் யாழ்ப்பாணம். அங்கே எங்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடையாது. காடு வெட்டி வயலாக்கிய மனிதர் கூலிக்குப் போகவேண்டும். ஆனாலும் வாளியை இறக்கும்போது, பாட்டு முடியும்வரை தண்ணீர் ஏறாமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். என்ன மனமோ!

ஒரு பின்னேரம், பாட்டின் நடுவில் சோவென்று கொட்டத் தொடங்கியது. கிற்றாரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாளியை இழுத்தேன். ஸ்பீக்கரின் கடதாசி ஊறித் தொங்கியது. வயலிலிருந்து ஐயா ஓடி வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்து, உள்ளே மழை விழுவதைப் பார்த்தார். பிறகு குனிந்தபடியே அம்மாவுக்குக் கேட்கக் கத்தினார்.

"இஞ்சேருமப்பா, நாங்கள் ஒரு இடமும் போகேல்லை!"

ஸ்பீக்கர் போனால் போகட்டும், முழக்கமும் போகட்டும் என்று சேற்றிலேயே குந்திவிட்டேன். அப்படியொரு நிம்மதியை அதற்கு முன்பு நான் அறிந்ததில்லை.

அடுத்த கிழமை கிணறு பாதிக்குமேல் நிறைந்து முழக்கம் செத்துப்போனது. றெக்கோடரைத் திருப்பிக் கொடுக்குமுன் மூவரும் இருந்து ரேப்பைக் கேட்டோம். என் கிற்றார் நடுவில் அறுந்து நின்றது. பிறகு மழைச் சத்தம். அதன்மேல் ஐயாவின் குரல், நான் அத்தனை நாள் தேடிய முழக்கத்தோடு.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. ஐயா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"உன்ரை கிற்றாரை விடடா. அந்தக் கடைசித் துண்டை இன்னொருக்காப் போடு."