ஆனைமலையில் மகள் அரைத்த மிளகாய்

தொண்ணூறுகளின் நடுவில் இந்தோனேசியாவில் ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை கிடைத்தது. மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். சிங்காநல்லூர் வீட்டில் மகள் வளர்த்த செவலை நாயை மட்டும் கொண்டுபோக வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "தைரியமாப் போங்க. அம்மணி வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேனுங்க" என்று சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

மகன் இரண்டே மாதத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே சண்டை போட்டான். மகள் பள்ளியில் வாய் திறக்கவில்லை. இவளுக்குக் காது கேட்குமா என்று ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டில் பேசுவாள். அதுவும் ஒரே பேச்சு.

"ஏனுங்ப்பா, எப்ப நம்ம ஊட்டுக்குப் போறோம்? அது என்னயத் தேடுமுங்ப்பா."

பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ஒரு கடிதம் போடுவார். நாய் சோறு தின்கிறது, சாயங்காலமானால் உங்கள் வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று எழுதுவார். மடிப்புக் கிழியும்வரை அவள் அதைப் படிப்பாள்.

அந்தக் கடிதங்கள்தான் அவளைப் புது ஊரில் ஒட்டவிடாமல் செய்கின்றன என்று நான் முடிவு கட்டினேன். நூலில் குறை கண்டால் அந்த இடத்தை அறுத்தெறிந்துவிட்டு முடிச்சுப் போடுவது எங்கள் தொழில். மகளிடமும் அதையே செய்தேன். நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி, மனைவிக்கும் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினேன். அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதாக ஆலை முகவரிக்குப் பதில் வந்தது. வீட்டில், "நாயை எவனோ திருடிக்கிட்டுப் போயிட்டானாம் கண்ணு" என்றேன். அவள் அழவில்லை.

அடுத்த வருடம் விடுமுறைக்கு ஊர் வந்தோம். பக்கத்து வீட்டுக்காரரை முன்பே எழுதி வாயடைத்திருந்தேன். என் மகளின் முகத்தைப் பார்க்காமல் அவர் உள்ளே போய்விட்டார். மறுநாள் அவள் ஆனைமலைக்குப் போகவேண்டும் என்றாள். மாசாணியம்மன் கோயிலில், பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால் திருடியவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இது வேடிக்கைதான். பேசாம வாங்க" என்றாள் மனைவி.

கோயிலில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள், காணாமல்போன நகைக்காக அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னத்தக் கண்ணு தொலைச்சே?"

"நாயிங்க."

"நாய்க்கா அம்மணி இத்தன மொளகா? திருடன் வெந்தே போயிருவான்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் குழவியை இரண்டு கையாலும் பிடித்து விழுதாக அரைத்தாள்.

பொள்ளாச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. ஊதிவிட்டேன்.

"அவனுக்கும் இப்பிடித்தான் எரியுமுங்களாப்பா?"

"எரியும் கண்ணு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கை என் மடியில்தான் இருந்தது.

திரும்பிப் போனபின் மொழி கற்றாள், தோழிகள் வந்தார்கள். என் உபாயம் பலித்தது என்று மனைவியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை எனக்கு. அதன்பின் அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பது உறைக்கப் பல வருடங்கள் ஆயின. இப்போது மனைவி இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நான் மட்டும் பழைய வீட்டில் இருக்கிறேன்.

வேண்டுதல் பலித்தவர்கள் போய் அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து சூட்டைத் தணிக்கவேண்டும் என்பார்கள். போன மாதம் தனியாகப் போனேன். கோயில் வாசலில் எண்ணெய் விற்ற அம்மாள் கேட்டாள்.

"திருடன் ஆருன்னு தெரிஞ்சுபோச்சுங்களா?"

"வேண்டுனது என் மகளுங்க."

"அப்ப அவங்களுக்கில்ல தெரியோணும்? கூட்டிட்டு வாங்க. அவங்க கையால குடுத்தாத்தான் முறைங்க."

வாங்கிய எண்ணெய்ப் பாட்டிலோடு வீடு வந்தேன். அதைச் சமையலுக்கு எடுக்கவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள். மாத்திரை, மழை, சமையல்காரம்மா வந்தாளா என்பதெல்லாம் பேசி முடித்தோம்.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களாப்பா?"

பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன்.