இத்தாலிக் கணக்கில் ஐம்பத்திரண்டு

மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானபோது அவள் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தாள். அன்றைக்கு அப்பா வெள்ளைச் சட்டை போடக் கூடாது.

"எல்லா போட்டோவுலயும் அப்பா ஒரே மாதிரி இருக்காரும்மா. எது எந்த வருசம்னே தெரியல" என்றாள்.

பெங்களூரில் வேலை பார்க்கிறவள். அங்கிருந்தே செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். வெளிநாட்டு டிசைனர் பிராண்டு ஒன்றின் லினன் சட்டை. வெயிலில் கொஞ்சம் வெளுத்த வேப்பிலை நிறம். எனக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அளவைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போடுவது மட்டும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

அளவு பார்ப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கணவரின் மார்பளவு நாற்பத்திரண்டு அங்குலம் என்பது ராசிபுரத்து டெய்லருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆர்டர் போடும் இணையப் பக்கத்தில் நாற்பத்திரண்டு முதல் ஐம்பத்தாறு வரை இரட்டைப்படை எண்களாக வரிசையாக இருந்தன. முதல் எண்ணையே அழுத்தினேன்.

அப்போது அவர் ஊரில் இல்லை. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் ரிக் வண்டியில் மேனேஜர் அவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால், திரும்பி வர நாலைந்து மாதம் ஆகிவிடும். நிச்சயத்துக்கு இருபது நாள் முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் சட்டையை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பார்சலைப் பிரித்துச் சட்டையை உதறிப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கே இறுக்கமாக இருக்கும் போலிருந்தது. மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"அம்மா, அது இத்தாலி நம்பரு. நம்மூரு அங்குலம் இல்ல. பத்தைக் கூட்டிக்கோணும்."

"அப்படின்னா அம்பத்திரண்டா? தவில்காரருக்குத்தான் அந்த அளவுல தெப்பாங்க."

"நீ கீழ இருக்கற அளவு அட்டவணையைப் படிச்சியா இல்லியா?"

படிக்கவில்லைதான். சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்து படித்தேன். அட்டவணையில் எல்லாம் சென்டிமீட்டரில் இருந்தது. அது உடம்பின் அளவு, துணியின் அளவு அல்ல என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் எழுதியதையும் பார்த்தேன். ஒருவர் தொளதொளவென்று இருக்கிறது என்கிறார், அடுத்தவர் மூச்சு முட்டுகிறது என்கிறார். யாரையும் நம்பிப் பயனில்லை என்று தோன்றியது.

அவருக்கு மிகச் சரியாகப் பொருந்துவது முந்தின பொங்கலுக்குத் தைத்த சட்டை. பொத்தான்களைப் போட்டுக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்தேன். இருபத்து மூன்று அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் நாற்பத்தாறு. தாராளத்துக்கென்று டெய்லர் நாலு அங்குலம் விடுவார். அதைக் கழித்தால் நாற்பத்திரண்டு. சென்டிமீட்டருக்கு மாற்றினால் நூற்றாறே முக்கால். அட்டவணையில் அது ஐம்பத்திரண்டுக்கு நேராகத்தான் வந்தது.

இரண்டாவது பார்சல் வந்ததும் புதுச் சட்டையைப் பொங்கல் சட்டையின் மேல் விரித்துப் பார்த்தேன். தோள் தோளோடும் கை கையோடும் ஒட்டி நின்றன. கடினமான கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்ட சந்தோஷம்.

அவர் வந்து இரண்டாம் நாள், குளித்துவிட்டு வந்தவரிடம் சட்டையை நீட்டினேன்.

"எனக்கெதுக்கு புள்ள இதெல்லாம்?" என்றார். ஆனாலும் துணியைத் தடவிப் பார்த்தார். மகள் வாங்கியது என்றதும் மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டார்.

தோள் தையல் இரண்டு பக்கமும் கையை நோக்கி வழிந்து கிடந்தது. கழுத்துப் பொத்தானைப் போட்டால் இரண்டு விரல் இடைவெளி. வயிற்றுப் பக்கம் துணி மடிந்து தொங்கியது. மகள் போனில் பார்த்துவிட்டு, "ஒரு சைஸ் பெருசும்மா. மாத்திரலாம், ஏழு நாள் டைம் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பெரிதாக இருக்க வாய்ப்பே இல்லை. நான் அளந்து வாங்கியது.

"ஏனுங்க, அந்தப் பொங்கல் சட்டையை ஒருக்கா போடுங்க."

"அதெதுக்கு இப்ப?"

"போடுங்கன்னா."

கணக்கை நிரூபிப்பதற்காகத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் என் மனதில் இல்லை. அவர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொங்கல் சட்டையும் அதே இடத்தில் வழிந்தது, அதே இடத்தில் மடிந்தது. போனில் மகள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள்.

அவர் பேண்ட்டைப் பார்த்தேன். பெல்ட்டில் கம்பெனிக்காரன் போட்ட துளைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய துளைகள் இரண்டு இருந்தன.

"இது எப்பக் குத்துனதுங்க?"

"அங்க சாப்பாடு சரியில்ல புள்ள. அலைச்சல் வேற. ஊட்டுச் சோறு சாப்ட்டா தேறிக்குவேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, ரொம்பத் தாகமெடுக்குதா? தண்ணி நெறையக் குடிக்கறீங்களா?"

"வெயிலு சாமி. அங்க என்ன வெயிலுங்கறே."

தினமும் போனில் பார்த்துப் பேசிய மனிதர்தான். வண்டிக் கண்ணாடியில் போனைச் சாய்த்துவைத்துப் பேசுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றியும் மீசையும். சாப்பிட்டீங்களா என்று தினமும் கேட்டேன். சாப்பிட்டேன் என்று அவரும் தினமும் சொன்னார். வந்து இரண்டு நாளாகியும், வெயிலில் கறுத்திருக்கிறார் என்பதற்கு மேல் என் கண்ணில் எதுவும் படவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரையே முந்நூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மா அவருடைய பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா மயக்கமாத்தான் கொண்டுவந்திருப்பாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சட்டை பெருசாப் போச்சுங்க" என்றேன். அவர்தான் அந்த அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னார், இத்தாலி நம்பர் உட்பட.

மாத்திரையும் ஊசியும் ஆரம்பமாயின. ஐம்பத்திரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐம்பது வாங்கினோம். இந்த முறை அவரையே நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப் வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாதாரணமா உடுங்க" என்று அதட்ட வேண்டியிருந்தது. விலா எலும்புகள் என் விரலில் தட்டின.

நிச்சயத்தன்று அந்தச் சட்டையில் அவர் மண்டப வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்க. எங்க தெச்சீங்க?" என்று கேட்டார்.

"எம்புள்ள வாங்கிக் குடுத்ததுங்க" என்றார் இவர். பக்கத்தில் நின்ற மகள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பந்தியில் தன் இலையில் வைத்த ஜாங்கிரியை இவர் தானாகவே ஓரமாகத் தள்ளிவைத்தார்.

அடுத்த மாதம் ரிக் முதலாளியிடம் நானே பேசினேன். அவரும் நல்ல மனிதர். இனி வண்டியோடு போக வேண்டாம் என்று, திருச்செங்கோட்டிலேயே உதிரிப் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். இப்போது காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போது வீட்டில் இருக்கிறார்.

வேலைக்குப் போய்ப் பசியோடு திரும்பிய முதல் சில நாட்கள் இரவுச் சாப்பாடு பற்றாமல் போனது. வருஷக்கணக்காக எனக்கு மட்டும் பொங்கிப் பழகிய கை. அவர் இருந்ததைச் சாப்பிட்டு, மோரைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வார். ஒருநாள் நானே கவனித்துவிட்டுக் கேட்டேன்.

"பத்தலைன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?"

"நீ இன்னும் சாப்பிடலையேன்னு பார்த்தேன் புள்ள" என்றார்.