தூசி இல்லாத கடல்

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்த அறை ஒன்று இருக்கிறது. பழைய சினிமாப் படங்களைச் சுத்தம் செய்து ப்ளூ-ரே தட்டுகளாகக் கொண்டுவரும் சின்ன நிறுவனம் அது. திலகவதி பதினோரு வருடமாக அந்த இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறாள். பார்ப்பதுதான் வேலை. கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, முகத்தில் தோல் தெரிகிறதா, சாயங்கால வானம் வழுக்கிக்கொண்டு போகிறதா, இல்லை படி படியாக உடைகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு கடைக்குப் போகும் முன் கடைசியாகச் சரி என்று சொல்பவள் அவள்தான்.

தேவனாம்பட்டினத்தில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். சிதம்பரத்தில் இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது இந்த நிறுவனத்துக்கு நேர்காணலுக்கு வந்தாள். முதலாளி ஜெயப்பிரகாஷ் ஒரே பெண்ணின் முகத்தை இரண்டு திரைகளில் காட்டி, எது நல்ல படம் என்று கேட்டார். அவளுக்கு முன்னால் வந்த எல்லோரும் மொழுமொழுவென்று இருந்த முகத்தைக் காட்டியிருந்தார்கள்.

“அது மாவு பூசின மாதிரி இருக்கு சார்,” என்றாள் திலகவதி. “இன்னொண்ணுல பொடிப்பொடியா ஏதோ அசையுது. ஆனா அதுலதான் அந்தப் பொண்ணு மூச்சு விடுது.”

அந்தப் பொடி ஃபிலிமில் படத்தை உண்டாக்கும் நுண்துகள்கள், தொழிலில் அதை மணிகள் என்பார்கள் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுவாரமே வேலைக்கு வரச் சொன்னார்.

அதிலிருந்து அவள் உலகத்தைப் பார்க்கிற விதமே மாறிப்போயிற்று. செம்மண்டலத்தில் இருக்கும் வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால், புதுச்சத்திரம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பனி. பனிக்குள் பனைமரங்கள். இந்தச் சாம்பலில் எத்தனை சாம்பல் என்று பார்த்துக்கொண்டே வருவாள். வெள்ளாற்றுப் பாலத்தில் சூரியன் தண்ணீரில் விழும்போது, வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தி, உள்ளே விவரம் போய்விட்டது என்று தோன்றும். கனவிலும் மணிகள் வந்தன. கனவில் வருகிறவர்களின் கன்னங்களில் மெல்லிய மணல் ஊர்ந்துகொண்டே இருக்கும். அவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது. விழித்தெழுந்தால் கணவன் அரவிந்தனின் முகம் அசையாமல் இருப்பது ஒரு கணம் தவறாகத் தெரியும்.

திருவந்திபுரத்தில் அரவிந்தனின் மாமா வீட்டுக்குப் போனபோது, டிவியில் புடவைகளெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தன. யாரும் பார்க்காத நேரம் ரிமோட்டை எடுத்து நிறத்தைக் குறைத்துவிட்டு வந்தாள். மறுநாள் மாமா போன் செய்தார். “டிவி ரிப்பேராயிடுச்சும்மா. எல்லாரும் சாதா மனுசன் மாதிரி தெரியுறாங்க.”

இப்படி இருந்தவளிடம்தான் போன வருடம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம். அதில் ஒரு பாட்டு முடிந்ததும் நாயகி கரையில் தனியாக நிற்பாள். நாற்பத்து மூன்று விநாடி. பேச்சில்லை. கடலும் அவள் முதுகும் மட்டும். கீறலையும் தூசியையும் மெஷின் வைத்து நீக்குகிற வேலை பிரிசில்லாவுடையது. கம்மாபுரத்திலிருந்து வந்த பெண், வேலையில் கெட்டிக்காரி. அவள் முடித்து அனுப்பிய படம் பளிங்காக இருந்தது. திலகவதி இரண்டு முறை பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடல் யாரோ வரைந்து மாட்டிய திரைச்சீலை மாதிரி நின்றது. மூன்றாவது முறை பார்த்துவிட்டுப் படத்தை நிறுத்தினாள்.

“பிரிசில்லா, சுத்தம் பண்றதுக்கு முந்தி இருந்தது இருக்கா?”

இருந்தது. கீறலும் அழுக்குமாக மழை பெய்வது போல ஓடியது. அந்த மழைக்குப் பின்னால், வானமும் தண்ணீரும் சேருகிற கோட்டில், சில புள்ளிகள் இருந்தன. தூசி ஒரு கணம் வந்து போய்விடும். இவை போகவில்லை. மறைந்தன, அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி வந்தன. திலகவதி திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள். ஒன்பது.

“இது தூசியில்ல. கட்டுமரம். அலை மேல ஏறினா தெரியும், எறங்கினா தெரியாது. வந்து வந்து போவுதுன்னு உன் மெஷின் தொடச்சிடுச்சு.”

ஜெயப்பிரகாஷ் வந்து பார்த்தார். தாடையைத் தடவினார். “இருக்கலாம் திலகா. ஆனா பாக்குறவன் தூசின்னுதான் நெனப்பான். படத்துக்காரங்க சுத்தமா வேணும்னு எழுதியே குடுத்திருக்காங்க.”

“அங்க ஆளுங்க இருக்காங்க சார்.”

“எனக்குப் புள்ளிதான் தெரியுது.”

அவர் கோபப்படவில்லை. பிரிசில்லாவும் நம்பினால் செய்யுங்கள், கைவேலை அவளுக்குத்தானே என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிசில்லா தயங்கினாள். அவள் கடலை இரண்டோ மூன்றோ தடவைதான் பார்த்திருக்கிறாள். அதுவும் கூட்டத்தோடு, கால் நனைக்க.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இருவரும் தேவனாம்பட்டினம் கரையில் நின்றார்கள். இன்னும் நிறம் வராத நேரம். கடல், மணல், ஓரத்தில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், எல்லாமே சாம்பல். காற்றில் உப்பு மிதந்து பார்வையைக் கொஞ்சம் மங்கலாக்கியது. தூரத்தில் ஒரு புள்ளி இருந்தது. இல்லை. இருந்தது.

பிரிசில்லா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். புள்ளி முழுகியபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டதும், ஏறியபோது விட்டதும் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிக்கு மூக்கு வந்தது. பிறகு நிற்கிற ஆள் வந்தான். படகு கரைக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. அதிலிருந்து குதித்தவன் நெற்றியைத் துடைத்தபடி, இந்தப் பெண்கள் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் சிரித்தான்.

“இவரையாக்கா நான் தொடச்சேன்,” என்றாள் பிரிசில்லா.

அடுத்த ஒன்பது நாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டு அந்த நாற்பத்து மூன்று விநாடியைக் கையாலேயே சுத்தம் செய்தாள். விநாடிக்கு இருபத்து நான்கு வீதம் ஆயிரத்துச் சொச்சம் தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றிலும் கீறலை எடுத்தாள், படகை விட்டாள். திலகவதி பார்த்துச் சரி என்றாள். இப்போது கடல் அசைந்தது. நாயகி நிற்பதற்கே ஒரு காரணம் கிடைத்தது போல இருந்தது. அவள் யாருக்காகவோ காத்திருந்தாள். ஜெயப்பிரகாஷ் படத்துக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். எப்படிப் பேசினார் என்று அவர் சொல்லவேயில்லை.

தட்டு வெளிவந்த மாதம், இந்த மாதிரித் தட்டுகளை வாங்கி மதிப்பெண் போட்டு இணையத்தில் எழுதுகிற ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். கறுப்பு அருமை, முகங்கள் இயல்பு, மணிகள் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்றெல்லாம் பாராட்டிவிட்டு, அரை மதிப்பெண் குறைத்திருந்தார். காரணம்: கடற்கரைக் காட்சியில் தொடுவானத்தில் சரியாக நீக்கப்படாத தூசி.

திலகவதி சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, யார் என்று சொல்லாமல், அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு வரி எழுதினாள். ‘அவை தூசி அல்ல, கட்டுமரங்கள். ஒன்பது.’

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

‘அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தேன். மன்னிக்கவும். அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்பது அல்ல, பத்து. இடது ஓரத்தில் இன்னொன்று இருக்கிறது.’

திலகவதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காட்சியை ஓடவிட்டாள். இடது ஓரம், முப்பத்தொன்றாவது விநாடி. ஒரு அலை எழுந்து தாழ்ந்த இடத்தில் மயிரிழை போல ஒன்று நிமிர்ந்தது. துடுப்பு. உடனே இல்லை.

கதவைத் திறந்து பிரிசில்லாவைக் கூப்பிட்டாள். “இது உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியலக்கா. சந்தேகமா இருந்துச்சு. தொடைக்காம வுட்டுட்டேன்.”

பிரிசில்லா உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே ஜவுளிக்கடையில் யாரோ புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திலகவதி காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.