மீதி இரண்டு மாத்திரை

எங்கள் அத்தைக்கு இரண்டு வியாதி இருந்தது. ஒன்றை ஊருக்கெல்லாம் சொன்னோம், இன்னொன்றைச் சுவருக்குக்கூடச் சொல்லவில்லை. சித்தம் கலங்கிய சங்கதியைத்தான் வழக்கமாக வீடுகளில் மூடி மறைப்பார்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் திரையாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் மற்றதை ஒளித்து வைத்திருந்தோம். கிறுக்குக்கு மாத்திரை வாங்கப் போகிறாள் என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கூசாமல் பதில் சொல்லுவாள். அவர்களும் உச்சுக் கொட்டிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். மற்றது எச்.ஐ.வி. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்து நானாகத் தெரிந்துகொண்டதுதான்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மாமா தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டினார். அவர் மாதக்கணக்கில் இருமி இருமிச் செத்த பிறகு, அவருடைய அண்ணன்மார் அத்தையை ஒரு தகரப்பெட்டியோடு பந்தல்குடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், தலை சீவ மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சில நாள் ரோட்டில் ஹார்ன் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாள். எங்கள் ஊர் இருப்பது தூத்துக்குடி ரோட்டில். ஹார்ன் சத்தம் கேட்காத நேரம் என்று அங்கே ஒன்று கிடையாது.

அப்பா ரோட்டோரக் கடையில் புரோட்டா மாஸ்டராக இருந்தார். லாரிக்காரர்கள் வந்து சாப்பிடும் கடை. இன்ன வியாதிக்காரி இருக்கிற வீட்டுக் கை பிசைந்த மாவு என்று தெரிந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. அதனால்தான் அத்தனை மறைப்பும். ஆஸ்பத்திரிகூடப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, எங்கள் முகம் தெரியாத ஊரில் பதிந்து வைத்திருந்தார். அங்கே போய் இன்னொரு மறைப்பு. அத்தைக்கு மனசு சரியில்லை என்பதையும், அதற்கு வேறொரு டாக்டரிடம் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதையும் யாரும் மூச்சுவிடக் கூடாது. அப்பா அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"கிறுக்குன்னு தெரிஞ்சா மாத்திர தர மாட்டாக. இவளுக்குக் குடுத்து என்ன ஆகப்போகுதும்பாக."

யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவராக நினைத்துக்கொண்டது. ஊரில் கிறுக்கைச் சொல்லி நோயை மறைத்தோம், ஆஸ்பத்திரியில் நோயைக் காட்டிக் கிறுக்கை மறைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் ஒரே இலையில் இரண்டை மறைத்தோம்.

மாதத்துக்கு ஒரு தடவை அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வேலை எனக்கு. பதினொரு வயது. அப்பாவுக்குக் கடை, அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் இரண்டாம் ஷிப்ட். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பது நானும் அத்தையும்தான். அதனால் சோற்றுக்குப் பிறகு ஆஸ்பத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பில் வந்தது. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை என்று அம்மா சொல்லுவாள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ஒரு டப்பாவில் முப்பது மாத்திரை. தொண்டையில் சிக்குகிற அளவுக்குப் பெரிது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளை அம்மா தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிடுவாள். இருபத்தெட்டாம் நாள் டப்பாவை ஒயர்க் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனால், மிச்சத்தை ஒரு தட்டில் கொட்டி எண்ணுவார்கள். இரண்டு இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டதாக அர்த்தம்.

நான் போன முதல் தடவை தட்டில் பதிமூன்று விழுந்தது. அத்தை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பல நாள் அதை நாக்குக்கடியில் ஒதுக்கி, பிறகு துடைத்துத் திரும்ப டப்பாவிலேயே போட்டிருக்கிறாள். தூரப் போட அவளுக்குத் தெரியவில்லை, அல்லது மனம் வரவில்லை. எண்ணிய அம்மாளை அங்கே எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். மருந்தைப் பற்றி நோயாளிகளிடம் பேசுவதுதான் அவர் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏன் சாப்பிடவில்லை என்று தணிந்த குரலில்தான் கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் வந்த டாக்டர் தட்டைப் பார்த்துவிட்டார். மருந்து வீணாவதைப் பற்றியும் மனிதர்கள் வீணாய்ப் போவதைப் பற்றியும் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார். அத்தை தலையைக் குனிந்தபடி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அடுத்த தடவையும் மிச்சம் இருந்தால் தனியாக உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும் என்று மிஸ் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் தனியாக வந்து பார் என்றால் பிரம்படி என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் அத்தை இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத முழுங்குனா ஒங்க மாமா வாராருத்தா. லாரிய விட்டு எறங்க மாட்டேங்காரு. ஏறு ஏறுன்னு கூப்புடுதாரு. முழுங்காத அன்னைக்கி வாரதில்ல."

எனக்கு அது கிறுக்குப் பேச்சாகத்தான் பட்டது. மாத்திரைக்கும் கனவுக்கும் என்ன சம்பந்தம்? யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை. சொன்னால் அப்பா இன்னும் சத்தம் போடுவார் என்று பயம். ஏற்கெனவே அன்றைக்குச் சாயங்காலம், சாகவேண்டும் என்று இருந்தால் எங்களையும் ஏன் சேர்த்து இழுக்கிறாய் என்று அவர் கேட்டுவிட்டார். அத்தை அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் கிளம்புகிற அன்று காலையில் டப்பாவைத் திறந்து எண்ணினேன். பதினொன்று. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வராமல் கைவிட்ட போர்க்குழாய் ஒன்று இருந்தது, வாயில் ஒரு கல்லை வைத்து மூடி. கல்லை நகர்த்தி, ஒன்பது மாத்திரைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். எல்லாவற்றையும் போடாமல் இரண்டை விட்டுவைத்தேனே, அதில்தான் என் சாமர்த்தியம் இருந்தது. டப்பா காலியாக இருந்தால் சந்தேகப்படுவார்கள் அல்லவா? நூற்றுக்கு நூறு வாங்கியதுபோல் இருந்தது.

தட்டில் இரண்டு விழுந்ததும் மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. என் கன்னத்தைத் தட்டினார். அத்தை தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தாள். அவள் கையால் எனக்கு ஒன்று வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை.

அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிறகு அவள் நாக்குக்கடியில் ஒதுக்குவதைக்கூட விட்டுவிட்டாள். நான் டப்பாவை நீட்டினால் தலையை ஆட்டுவாள், நானும் மூடி வைத்துவிடுவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதங்களில் அத்தை நன்றாக இருந்தாள். தூங்கினாள். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். மில் பஸ்ஸிலிருந்து அலுத்து இறங்கும் அம்மாவுக்கு வெந்நீர் போட்டு வைத்தாள். ஹார்ன் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவதும் நின்றது. மாத்திரை வேலை செய்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு நான்தான் காரணம் என்று உள்ளூர எனக்கு ஒரு கர்வம். அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகவே நம்பினேன்.

கோடை முடியும்போது இருமல் வந்தது. ஜாக்கெட் தோளில் தொங்க ஆரம்பித்தது. நாக்கில் வெள்ளையாகப் படிந்து, காரம் சாப்பிட முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவைச் சொல்ல அப்பாவையும் வரச் சொன்னார்கள். கடைக்கு லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த அறையில் மிஸ், அப்பா, அத்தை, நான் என்று நான்கு பேர்தான். நோயை எதிர்க்கிற சக்தி ரத்தத்தில் ரொம்பக் குறைந்துவிட்டது என்று மிஸ் சொன்னார். இத்தனை மாதமாக ஒரு மாத்திரைகூடத் தவறாமல் சாப்பிட்டவருக்கு இப்படி ஆகாதே என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பதிமூன்றுக்குப் பிறகு எல்லா மாதமும் மீதி இரண்டு, மீதி இரண்டு என்றுதான் அதில் எழுதியிருந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி என்றால் மருந்து அவருக்குக் கேட்கவில்லை, மதுரைக்கு எழுதி, பரிசோதனை செய்து, வேறு பெரிய மருந்துக்கு மாற்ற வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும் என்றார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு அத்தையையும் என்னையும் பார்த்துக் கேட்டார்.

"ஒரு நாள்கூட விடலையே? விட்டிருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. அவள் சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குப் பகீரென்றது. போர்க்குழாய், கல், ஒன்பது மாத்திரை, எல்லாம் அப்பாவுக்கு முன்னால் வந்து விழப்போகிறது.

"விடல மிஸ்ஸு. நாந்தான் எண்ணிக் குடுக்கேன்."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அப்பா என் தலைமேல் கையை வைத்தார். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவர் அப்படிச் செய்ததில்லை. எம் மக கணக்குல தப்பு வராது என்று மிஸ்ஸிடம் சொன்னார். அத்தை வாயை மூடிக்கொண்டாள். மிஸ் நோட்டில் எழுதினார்.

புது மாத்திரை வருவதற்குள் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, காசம் என்றார்கள். வார்டில் சேர்த்தார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு, கிறுக்கு முற்றிவிட்டது என்று அம்மா சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவும் அம்மாவும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். அத்தை கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

"மிஸ்ஸுகிட்ட சொல்லிட்டேன். நாந்தே தெனமும் தூரப் போட்டேன்னு. இனி ஒன்னய ஒண்ணும் கேக்க மாட்டாக. நீ பயப்படாத, என்னத்தா."

எட்டு நாளில் செத்துப்போனாள்.

நான் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். அந்த மாத்திரை கெட்ட கனவு வரவைக்கும், மனசு கலங்கியவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருக்கும் என்று கல்லூரியில் படித்த அன்று, புத்தகத்தை மூடிவிட்டு வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தக் காலத்திலேயே அதற்கு மாற்று மாத்திரை இருந்தது. அத்தைக்கு மனநோய் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். தட்டில் பதினொன்று விழுந்திருந்தால், ஏன் என்று மிஸ் திரும்பவும் கேட்டிருப்பார், மாமா வருகிற கதையைக் கேட்டிருப்பார். அந்த வாய்ப்பை மாதாமாதம் நான் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

ஆனால் என்னை அறுப்பது அதுகூட இல்லை. மிஸ்ஸின் அறையில் அத்தை வாயைத் திறந்தது உண்மையைச் சொல்லத்தான். அப்போது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ. அப்பாவின் கை என் தலைமேல் இருந்தது. அவருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்க அந்தக் கிறுக்குப் பிடித்த மனுஷிக்கு மனம் வரவில்லை. நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறாள், எல்லாம் கைமீறிய பிறகு.

அன்றைக்கு வார்டில் இதெதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. இனி என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அவள் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு, படியிறங்கி வாசலுக்கு ஓடினேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்த அம்மா வடை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு தின்றேன்.