காலால் டிரம் அடித்த ஓனெசிம்

நியூ ஆர்லியன்ஸில், ட்ரெமே பேட்டையில், ஓனெசிமைப் பிடிக்காதவர்கள் அவனைச் சோம்பேறி என்றுதான் சொன்னார்கள். சொல்லமாட்டார்களா பின்னே? நடன ஹாலில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர் என்று இரண்டு பேர் நின்று அடித்த காலத்தில், இவன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பழைய தையல் மிஷினின் மிதியில் ஒரு கட்டையைப் பூட்டி, பெரிய டிரம்மைக் காலால் அடித்தான். கைகள் இரண்டும் சின்ன டிரம்மில். தாளம் ஒரே உடம்புக்குள் வந்ததும் அதில் புதிதாக ஒரு துள்ளல் பிறந்தது. ஆட வந்தவர்கள் வீட்டை மறந்தார்கள். சீக்கிரமே ஹாலுக்கு ஹால் நாற்காலி வந்துவிட்டது.

பெரிய டிரம்காரர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. முதல் அடி வால்சினுக்கு. ஓனெசிமின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்று அடித்தவன். ஓனெசிமின் மனைவி ஒடிலுக்கு அண்ணன் வேறு. அன்றோடு அவன் பேச்சை நிறுத்தினான். தங்கை வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

"ஊரெல்லாம் உங்கள மெச்சுது. எங்கண்ணன் மூஞ்சியப் பார்த்து எத்தன மாசமாச்சு?" என்பாள் ஒடில். ஓனெசிம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

தெருவில் மட்டும் அந்த மிதி செல்லாது. நடந்துகொண்டே காலால் அடிக்க முடியுமா என்ன? வாத்தியக்காரர் சங்கத்துப் பெரியவர் இறந்தபோது சவ ஊர்வலத்தில் பெரிய டிரம்மோடு வால்சினும் சின்ன டிரம்மோடு ஓனெசிமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். வால்சின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்லறைக்குப் போகும் வரை சின்ன டிரம்மின் அடித்தோலுக்கும் அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளுக்கும் நடுவே கைக்குட்டையைச் செருகி, சத்தத்தை அடக்கி வாசிப்பது வழக்கம். உடலை அடக்கம் செய்ததும் அதை உருவிவிட்டு ஒரு உருட்டு உருட்ட வேண்டும். அதைக் கேட்டுத்தான், போனவரைக் கொண்டாட்டமாக வழியனுப்பும் அந்த ஊர் வழக்கப்படி, கூட்டம் குடையை விரித்து ஆடும். மச்சான் பேசுவானா என்கிற நினைப்பிலேயே இருந்த ஓனெசிம், கைக்குட்டையை மறந்தே போனான். உருட்டினான். அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்டது.

"ஏன் ஓனெசிம், இன்னொருத்தரும் போய்ட்டாரா?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. கைக்குட்டையை இழுத்தான், கம்பியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. வேர்த்து ஊற்றியது.

அவமானப்படட்டும் என்று வால்சின் சும்மா நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெரிய டிரம் இடி இடித்தது. டிரம்பெட்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குடைகள் விரிந்தன.

"பதறாம உருவு மாப்ள. அதுவரைக்கும் நான் ஓட்டறேன்," என்றான் வால்சின், முகத்தைத் திருப்பாமலே. "இல்ல, காலால உருவப் போறியா?"

இப்படி ஒரு நக்கலுக்காக ஓனெசிம் எத்தனை நாள் ஏங்கியிருந்தான்! கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டை வந்ததும் முதலில் கண்ணைத்தான் துடைத்தான்.

சாயங்காலம் வால்சின் தங்கை வீட்டு வாசலை மிதித்தான். ஒடில் அழுதுகொண்டே கம்போ குழம்பை ஊற்றினாள்.

"அந்த மிதியத் தூக்கிப் போட்டுடறேன் மச்சான்."

"போட்டு? ஊருக்கே கத்துக் குடுத்துட்டு இப்பப் போடறானாம்." வால்சின் குழம்பை வழித்தான். "ஹால் உன் பாடு. தெரு என் பாடு. சனிக்கிழமை இன்னொரு சாவு இருக்கு, என் பக்கத்துலயே நில்லு."

சாவுச் செய்தி கேட்டு ஓனெசிம் சிரித்தது அன்று ஒருநாள்தான்.